ஆளுக்கொரு கேக்: சின்ன பேக்கிங் அச்சுகளின் வடிவமைப்பு

சதுர டின்னில் சுட்ட பிரௌனியை ஒன்பது துண்டாக வெட்டிப் பாருங்கள். நான்கு மூலைத் துண்டுகளுக்கு இரண்டு பக்கம் மொறுமொறு ஓரம் கிடைக்கும். அவற்றுக்கு இடையில் இருக்கும் நான்குக்கு ஒரு பக்கம். நட்டநடுத் துண்டுக்கு ஓரமே கிடையாது, நாலு பக்கமும் மெத்தென்று இருக்கும். ஒரே மாவு, ஒரே ஓவன், ஒரே நேரம்தான். ஆனாலும் சாப்பிடுகிறவர்கள் கைக்குப் போவது மூன்று வேறு பண்டங்கள்.

மஃபின், கானலே (கறுத்த ஓடுள்ள சின்ன பிரெஞ்சு கேக்), கிரெம் ப்ரூலே (மேலே சர்க்கரை உருக்கிய கஸ்டர்ட்), லாவா கேக் (நடுவில் சாக்லேட் ஓடும் கேக்) போல ஆளுக்கொன்றாகச் சுடும் இனிப்புகளில் இந்தப் பிரச்சினை இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவு ஓரம், ஒரே அளவு நடு. அந்த அளவைத் தீர்மானிப்பது செய்முறை மட்டும் இல்லை, அச்சும்தான். வெண்ணெய், சர்க்கரை, முட்டை எவ்வளவு என்று எழுதிவைப்பதைப் போலவே, மேலோடு எவ்வளவு, உள்ளே மென்மை எவ்வளவு என்பதை அச்சு எழுதிவைக்கிறது. அதனால் ஓர் அச்சை வடிவமைக்க உட்காருகிறவர் முதலில் கேட்க வேண்டியது "எந்த வடிவம் அழகு?" என்பதை அல்ல. "இந்த இனிப்புக்கு எவ்வளவு ஓரம் வேண்டும்?" என்பதைத்தான்.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 20 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் உள்ள வட்டக் கேக் டின்னில் ஏறத்தாழ 1,570 மி.லி. கொள்ளும். அடியும் சுவரும் சேர்ந்து மாவைத் தொடும் பரப்பு சுமார் 630 சதுர செ.மீ. அதாவது ஒரு மில்லி லிட்டருக்கு 0.4 சதுர செ.மீ. இப்போது சாதாரண மஃபின் குழி ஒன்றை எடுங்கள். மேல்வாய் 7 செ.மீ., அடி 5 செ.மீ., ஆழம் 3.2 செ.மீ. என்றால் சுமார் 90 மி.லி. கொள்ளும், தொடும் பரப்பு ஏறத்தாழ 83 சதுர செ.மீ. கணக்கு 0.9க்கு வந்துவிடுகிறது. இன்னும் சின்னதாக, மேல்வாய் 4.5 செ.மீ., ஆழம் 2 செ.மீ. உள்ள மினி மஃபின் குழியில் அது 1.4. ஒரே மாவைப் பெரிய டின்னிலிருந்து சின்னக் குழிக்கு மாற்றினாலே, ஒவ்வொரு வாய்க்கும் கிடைக்கும் ஓரம் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

நேரமும் மாறும். வெப்பம் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊர்ந்துதான் போக வேண்டும். தூரம் பாதியானால் நேரம் பாதிக்கும் கீழே போகும். பெரிய கேக் 35, 40 நிமிடம் கேட்கும் இடத்தில் மஃபின் 20 நிமிடத்தில் வெந்துவிடுவது இதனால்தான். பலரும் கவனிக்காத ஒரு விளைவு இதில் இருக்கிறது. பெரிய கேக்கில் நாற்பது நிமிடத்தில் ஐந்து நிமிடம் தவறினால் தாங்கும். மினி மஃபினில் மூன்று நிமிடம் தவறினால் அது ரஸ்க். சின்ன அச்சு தவறுகளை மன்னிப்பதில்லை. ஆகவே எல்லாக் குழியும் ஒன்றுபோல வேக வைப்பது வடிவமைப்பாளரின் பெரிய பொறுப்பாகிவிடுகிறது.

இனி, பாதை இரண்டாகப் பிரியும் இடம். இனிப்பை அச்சிலேயே வைத்துச் சாப்பிடப் போகிறோமா, வெளியே எடுக்கப் போகிறோமா? கிரெம் ப்ரூலேயும், அடித்த வெள்ளைக்கருவால் உப்பும் சூஃப்லேயும் அச்சோடு மேசைக்கு வருபவை. அவற்றுக்குப் பீங்கான் பொருத்தம், பார்க்கவும் நன்றாக இருக்கும், சூட்டையும் பிடித்துவைக்கும். மஃபின், கானலே, ஃபினான்சியர் (பாதாம் மாவில் செய்யும் சின்ன கேக்) எல்லாம் வெளியே வர வேண்டியவை. அவற்றுக்கு உலோகம். இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதுமே பாதி முடிவுகள் தாமாக விழுந்துவிடும்.

வெளியே வர வேண்டியதென்றால் சுவர் சாய்ந்திருக்க வேண்டும். மேலே சொன்ன மஃபின் குழியில் 3.2 செ.மீ. உயரத்துக்குச் சுவர் 1 செ.மீ. வெளியே விரிகிறது, அதாவது சுமார் 17 டிகிரி சாய்வு. மஃபினை ஒரு மில்லி மீட்டர் தூக்கினாலே சுவரிலிருந்து எல்லாப் பக்கமும் அது விலகிவிடும். நேர்ச்சுவராக இருந்தால் கடைசி வரைக்கும் உரசிக்கொண்டே வர வேண்டியிருக்கும், எங்கேயாவது பிய்ந்துபோகும். சாய்வுக்கு இன்னொரு பயனும் உண்டு: டிரேக்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். சமையலறை அலமாரியில் இடம் அடைக்காத பாத்திரம்தான் தினமும் வெளியே வரும் பாத்திரம்.

சாய்வை அதிகமாக்கிக்கொண்டே போகலாமா என்றால், கூடாது. குழி தட்டையாகி மாவு பரவிவிடும், மேலே எழும்ப வேண்டியது பக்கவாட்டில் வழியும். சூஃப்லேக்கு இதனாலேயே நேர்ச்சுவர் வைக்கிறார்கள். அடித்த வெள்ளைக்கருவின் காற்றுக்குமிழிகள் விரியும்போது போக வேறு வழியில்லாமல் நேரே மேலே எழும்ப வேண்டும். அது வெளியே வரவே தேவையில்லை என்பதால் நேர்ச்சுவர் அங்கே தொந்தரவு தருவதும் இல்லை.

அடுத்தது குழியின் அடி மூலை. அடியும் சுவரும் சேரும் இடத்தைக் கத்திபோல் கூராக வைத்தால் மூன்று பக்கத்திலிருந்தும் பாதிப்பு. அந்த மூலையில் மாவுக்கு இரண்டு பக்கமும் சூடு, சீக்கிரம் கருகும். கழுவும்போது விரல் நுழையாது, பிசுக்கு தங்கும். தயாரிப்பிலும் சிக்கல். சாதாரண மஃபின் டிரே ஒரே தகட்டை அச்சில் வைத்து அழுத்திச் செய்யப்படுவது. குழி இறங்க இறங்கத் தகடு இழுபட்டு மெலிகிறது. மூலை கூராக இருந்தால் அங்கேதான் கிழியும். ஆகவே மூலையைக் கொஞ்சம் உருட்டி வைப்பது சமையல்காரர், பாத்திரம் தேய்ப்பவர், தொழிற்சாலைக்காரர் மூவருக்குமே நல்லது. இப்படி மூன்று தேவைகள் ஒரே பதிலில் கூடுவது இந்தத் துறையில் அரிது. பெரும்பாலும் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டியிருக்கும்.

உருட்டலை முழுதாக எடுத்துக்கொண்டு போனால் அரைக்கோளம் வரும், நம் குழிப்பணியாரக் கல் அப்படிப்பட்டதுதான். டென்மார்க்கின் எப்லஸ்கிவர் சட்டி, ஜப்பானின் தக்கோயாக்கி தட்டு எல்லாம் அதன் உறவு. இவற்றில் சூடு கீழிருந்து மட்டும் வருகிறது, அதனால் பாதி வெந்ததும் குச்சியால் திருப்பிவிட வேண்டும். மூலை இருந்தால் திருப்ப முடியாது. ஓவனில் சூடு எல்லாப் பக்கமும் சூழ்ந்திருப்பதால் திருப்பும் வேலை இல்லை, தட்டையான அடி வைக்கலாம். தட்டில் வைத்தால் உருளாமல் நிற்கும்.

குழிகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி? மூன்றுக்கு நான்காகப் பன்னிரண்டு குழி உள்ள டிரேயில், நடுவில் இருக்கும் இரண்டு குழிகளுக்கு நான்கு பக்கமும் அண்டை வீட்டுக்காரர்கள். ஈரமான, குளிர்ந்த மாவுகளுக்கு நடுவே அவை சிக்கியிருக்கும், சூடான காற்று அங்கே சுலபமாகப் போகாது. மூலைக் குழிகள் பொன்னிறமாகும்போது நடுக்குழிகள் வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடைவெளியைக் கூட்டினால் இது சரியாகும், ஆனால் டிரே பெரிதாகும். சிறிய ஓடிஜி (மேசைமேல் வைக்கும் மின் ஓவன்) வைத்திருப்பவர்களுக்கு அதுவே தலைவலி, பன்னிரண்டு குழி டிரே பெரும்பாலும் உள்ளேயே போகாது. ஆறு குழி டிரே வாங்குவது அங்கே சமரசம் இல்லை, சரியான தேர்வு. அதில் எந்தக் குழிக்கும் நான்கு பக்கமும் அண்டை கிடையாது. பாப்ஓவர் என்னும் உப்பும் ரொட்டிக்கு ஆழமான கிண்ணங்களைத் தனித்தனியே கம்பியில் கோத்து வைப்பதும் காற்று நாலாபுறமும் போகட்டும் என்றுதான்.

விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. தடித்த கையுறை போட்டுக்கொண்டு சூடான டிரேயைத் தூக்கும்போது, பிடிக்க இரண்டு விரல் அகலமாவது விளிம்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டைவிரல் நேராக ஓரத்து மஃபினில் பதியும். கடைகளில் அழகாக இருக்கும் பல டிரேக்கள் இந்த ஓர் இடத்தில் தோற்கின்றன.

இனி உலோகம். செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் ஸ்டீலைவிடப் பல மடங்கு வேகம். அலுமினியமும் அப்படித்தான், செம்பை விடக் குறைவு. எவர்சில்வர் இவற்றோடு ஒப்பிட்டால் மந்தம். இதை வைத்து "செம்பு அச்சில் சீக்கிரம் வேகும்" என்று பலர் நினைக்கிறார்கள். ஓவனுக்குள் நடப்பது வேறு. அங்கே வெப்பம் காற்றின் வழியாக வருகிறது, காற்று மிக மோசமான கடத்தி. மாவை நோக்கி வரும் சூடு தடைபடுவது காற்றில்தான். ஒரு மில்லி மீட்டர் தகடு எந்த உலோகமாக இருந்தாலும் அதைக் கடப்பது ஒரு தடையே இல்லை. நல்ல கடத்தியின் பயன் பக்கவாட்டில் தெரியும். ஒரு பக்கம் அதிகமாகச் சூடானால் அதை அச்சு முழுவதும் பரப்பிச் சமன் செய்துவிடும். சீராகச் சிவக்க வேண்டும் என்றால் செம்பு, அலுமினியம் என்று கேட்பது அதற்காக.

சிவப்பதன் வேகத்தைத் தீர்மானிப்பதில் உலோகத்தைவிட நிறத்துக்குப் பங்கு அதிகம். ஓவன் சுவர்களும் சூடான கம்பிகளும் கதிராகவும் வெப்பத்தை வீசுகின்றன. கறுப்பு டிரே அதை விழுங்கிக்கொள்ளும், பளபளக்கும் டிரே திருப்பி அனுப்பிவிடும். ஒரே மாவை இரண்டு நிற டிரேக்களில் சுட்டு, மஃபின்களைக் குறுக்கே வெட்டி அருகருகே வைத்தால் கண்கூடாகத் தெரியும். கறுப்பு டிரேயில் வந்ததன் அடியில் பட்டையாக அடர்ந்த பழுப்பு மேலோடு இருக்கும். ஓரம் சீக்கிரம் இறுகிவிட்டதால், இன்னும் வேகாத நடுமாவு போக இடமின்றி மேலே முட்டியெழுந்து உச்சியைப் பிளந்திருக்கும். வெள்ளி நிற டிரேயில் வந்தது வெளிர் மஞ்சளாக, உச்சி மழுங்கலாக, ஐசிங் வைக்கத் தோதாக இருக்கும். கப்கேக்குக்கு வெளிர் டிரே, மொறுமொறு மஃபினுக்கு அடர் டிரே. கறுப்பு டிரே மட்டும் கையில் இருந்தால் வெப்பத்தை 15 டிகிரி செல்சியஸ் குறைத்துவைப்பது பழைய, நம்பத் தகுந்த வழி.

சிலிக்கோன் அச்சு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. ஓரம் வெளுத்தே இருக்கும். கேக் சுட அது எனக்குப் பிடித்த பொருள் இல்லை. ஆனால் ஃபிரீசரில் உறைய வைத்து எடுக்கும் மூஸ் போன்றவற்றுக்கு அதைவிடச் சிறந்தது எதுவும் கிடையாது. வளைத்து உரிக்கலாம் என்பதால் சாய்வு பற்றிய கவலையே இல்லாமல் போகிறது. கோளம், ரோஜாப்பூ, உட்புறம் குடைந்த வடிவம் எதுவும் செய்யலாம்.

ஓரம்தான் எல்லாம் என்று முடிவு கட்டிய ஓர் அச்சைப் பார்ப்போம். பிரான்ஸின் போர்தோ நகரத்துக் கானலே. பால், முட்டை மஞ்சள்கரு, சர்க்கரை, வனிலா, ரம் சேர்த்த தண்ணீரான மாவு. வெந்தபின் வெளியே கிட்டத்தட்டக் கறுத்த, கடித்தால் நொறுங்கும் கேரமல் ஓடு. உள்ளே கஸ்டர்ட் போல ஈரமான, தேன்கூடு போல ஓட்டை ஓட்டையான நடு. அதன் அச்சு சுமார் 5.5 செ.மீ. அகலம், அதே அளவை ஒட்டிய உயரம், சுற்றிலும் நெடுக்காக மடிப்புகள், செம்பு, உள்பக்கம் ஈயம் பூசியது. ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்காக இருக்கிறது. மடிப்புகள் ஓரப் பரப்பைக் கூட்டுகின்றன. செம்பு சூட்டைச் சமமாகப் பரப்புவதால், ஓவனில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வெளுக்காது. அகலமும் உயரமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் நடு, எல்லாச் சுவரிலிருந்தும் தொலைவில் இருக்கிறது. ஓடு கறுக்கும் வரை சுட்டாலும் நடு காய்வதில்லை. அகலமான தட்டை அச்சில் இதே மாவை இவ்வளவு நேரம் சுட்டால் முழுதும் ஓடாகவே ஆகிவிடும்.

அச்சுக்குள் வெண்ணெயோடு தேன்மெழுகு உருக்கிப் பூசுவது மரபு. மெழுகு ஆறியதும் மெல்லிய படலமாக இறுகிச் சுவரில் நிற்கும், வெறும் வெண்ணெய் போல அடியில் வழிந்து தேங்காது. அத்தனை மடிப்புகளிலிருந்தும் கானலே நழுவி வருவதும், ஓட்டுக்கு அந்தப் பளபளப்பு வருவதும் அதனால். இங்கே எச்சரிக்கை ஒன்று. நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோமே, அதே வெள்ளீயம்தான் இதிலும். அது 232 டிகிரியில் உருகிவிடும். மாவு உள்ளே இருந்தால் அச்சு அவ்வளவு சூடாகாது. காலி அச்சை 230 டிகிரி தாண்டிய ஓவனில் விட்டால் பூச்சு வழிந்து போகும்.

இதற்கு நேர் எதிர் கிரெம் ப்ரூலே. இதில் ஓரமே வரக் கூடாது. முட்டை, கிரீம், சர்க்கரை சேர்ந்த கஸ்டர்ட் 80 முதல் 85 டிகிரிக்குள் இறுகும். அதைத் தாண்டினால் திரிந்து, முட்டைப் பொரியல் வாசம் வரும். எனவே அச்சின் வேலை வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவது. தடித்த பீங்கான் தானே கொஞ்சம் சூட்டை உறிஞ்சிக்கொண்டு மெதுவாகத்தான் உள்ளே விடும். அதோடு கிண்ணங்களைப் பாதி உயரம் வெந்நீர் ஊற்றிய தட்டில் வைப்பார்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, ஓவனில் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அதற்கும் கீழேயே நிற்கும். 160 டிகிரி ஓவனுக்குள்ளும் கஸ்டர்டின் சுவர் பத்திரமாக இருக்கிறது.

மேற்பரப்பு மட்டும் வேறு கதை. அங்கே தூவிய சர்க்கரையை நெருப்பால் உருக்கி, ஆறியதும் கண்ணாடி போல இறுகவைக்க வேண்டும். ஸ்பூனால் தட்டினால் டக்கென்று உடையும் அந்தத் தகடுதான் இந்த இனிப்பின் பாதி இன்பம். 120 மி.லி. கஸ்டர்டை 8 செ.மீ. அகல ரமெக்கினில் (நேர்ச்சுவருள்ள சின்னப் பீங்கான் கிண்ணம்) ஊற்றினால் ஆழம் 2.4 செ.மீ., மேற்பரப்பு 50 சதுர செ.மீ. அதே 120 மி.லி.யை 12 செ.மீ. அகலமான தட்டைக் கிண்ணத்தில் ஊற்றினால் ஆழம் 1 செ.மீ.க்குச் சற்றே மேல், மேற்பரப்பு 113 சதுர செ.மீ. சர்க்கரைத் தகடு இரண்டு மடங்குக்கு மேல். தட்டைக் கிண்ணத்தில் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் தகடு கிடைக்கும். உயரமான ரமெக்கினில் மூன்று ஸ்பூனில் தகடு தீர்ந்துபோய், மிச்சமெல்லாம் வெறும் கஸ்டர்ட். எனக்குத் தட்டைக் கிண்ணம்தான் சரியென்று படுகிறது. கஸ்டர்டே முக்கியம் என்பவர்கள் ரமெக்கினில் நிற்கலாம். எதுவாயினும் அது தற்செயலாக இல்லாமல், தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது லாவா கேக். வெளிச்சுவர் தானே நிற்கும் அளவுக்கு வெந்திருக்க வேண்டும், நடு ஓட வேண்டும். இதற்கும் கானலே போல அகலமும் உயரமும் ஒட்டிய குட்டையான கிண்ணம்தான் பொருந்தும். ஆனால் மெல்லிய அலுமினியத்தில், சீக்கிரம் சூடேறி சீக்கிரம் வெளியே எடுக்கத் தோதாக. பிரெஞ்சு சமையல் நிபுணர் மிஷெல் ப்ரா 1981இல் உருவாக்கிய கூலான் என்னும் லாவா கேக், நடுவின் பிரச்சினையை அச்சால் தீர்க்காமல் உறைபனியால் தீர்த்தது. உறைய வைத்த சாக்லேட் உருண்டையை மாவுக்கு நடுவில் புதைத்துச் சுட்டார். சுவர் வேகும் நேரம் உருண்டை உருகவே செலவாகிவிடும். அச்சால் முடியாததைச் செய்முறை செய்யும், செய்முறையால் முடியாததை அச்சு செய்யும்.

அலங்கார வடிவங்களில் தொடக்கக்காரர்கள் அடிக்கடி ஏமாறுவதால் அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் மினியாபொலிஸில் எச். டேவிட் டால்குவிஸ்ட் 1950இல் பண்ட் டின்னை (நடுவில் குழாயும் சுற்றிலும் மடிப்புகளும் உள்ள வளையக் கேக் டின்) வார்ப்பு அலுமினியத்தில் செய்தார். ஐரோப்பாவின் கூகல்ஹுப்ஃப் அச்சு அதற்கு முன்மாதிரி. பெரிய பண்ட் டின்னின் நடுக்குழாய்க்கு உண்மையான வேலை உண்டு, வேகச் சிரமப்படும் நடுவையே அது எடுத்துவிடுகிறது. மினி பண்டில் நடு எப்படியும் வெந்துவிடும். குழாய் அங்கே சாஸ் ஊற்றவும் அழகுக்கும்தான். அதோடு, பெரிய அச்சின் மடிப்புகளை அப்படியே சுருக்கினால் அவை கேக்கில் உள்ள ஓட்டைகளைவிடச் சின்னதாகிவிடும். கேக்கின் காற்றோட்டைகள் ஒன்றிரண்டு மில்லி மீட்டர் இருக்கும்போது, ஒரு மில்லி மீட்டர் கோடு அதில் பதியாது, மாவு மட்டும் அதில் ஒட்டிக்கொள்ளும். சின்ன அச்சுக்குக் குறைவான, ஆழமான, உருண்ட மடிப்புகளே சரி.

இத்தனையும் தாளில் சரியாக வந்தபின் மாதிரி செய்து சோதிக்க வேண்டும். தகட்டை அழுத்திக் குழியாக்கும் தொழிற்சாலை அச்சுகளுக்குச் (டை) செலவு அதிகம் என்பதால், அதற்கு முன் வடிவத்தைக் கணினியில் வரைந்து, முப்பரிமாணப் பிரதி எடுத்து, சிலிக்கோனிலோ வார்ப்பிலோ மாதிரி ஊற்றிப் பார்ப்பார்கள். சோதனைக்குச் சாக்லேட் மாவு வேண்டாம், சிவந்தது எது கருகியது எது என்று தெரியாது. வெறும் வெண்ணெய்க் கேக் மாவு போதும். எல்லாக் குழியிலும் ஒரே எடை ஊற்றிச் சுட்டு, மூலைக்குழியிலிருந்து ஒன்று, நடுக்குழியிலிருந்து ஒன்று எடுத்து நெடுக்காக வெட்டுங்கள். ஓட்டின் தடிமன், அடியின் நிறம், உச்சியின் உயரம் மூன்றையும் ஒப்பிட்டால், எங்கே இடைவெளி போதவில்லை, எந்த மூலை கூர் அதிகம் என்று அந்த இரண்டு துண்டுகளே காட்டிவிடும்.

கடையில் வாங்கிய அச்சுக்கும் இதே சோதனை பயன்படும். புதிதாக ஒன்று வந்ததும் குழியில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அதை அளவுக் குவளையில் கொட்டிப் பாருங்கள். 90 மி.லி. வந்தால், உப்பும் மாவு மூன்றில் இரண்டு பங்காக 60 மி.லி. ஊற்றலாம். 20 செ.மீ. டின்னுக்கு எழுதிய கேக் செய்முறையில் டின்னை மூன்றில் இரண்டு பங்கு நிரப்பும் மாவு சுமார் 1,050 மி.லி. இருக்கும், அது இத்தகைய குழிகளில் 17 அல்லது 18 வரும். உப்பாத கஸ்டர்டையும் கானலே மாவையும் விளிம்புக்கு அரை செ.மீ. கீழே வரை ஊற்றலாம். நேரத்துக்கு, பெரிய டின்னின் நேரத்தில் பாதி ஆனதும் மூலைக்குழியை விட்டுவிட்டு நடுக்குழியில் குச்சி விட்டுப் பார்க்கத் தொடங்குங்கள்.